கட்டிலுக்கு அடியில் 63 புத்தகங்கள்

தஞ்சோங் மாலிமில் நான் தங்கியிருக்கும் அறையில், கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. மொத்தம் 63 புத்தகங்கள். ஒரு பெட்டியில் கார்ல் சேகன், ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஸ்டீபன் ஹாக்கிங். இன்னொன்றில் பெரியார், ஆபிரகாம் கோவூர். மூன்றாவதில் டார்வினும் வாலஸும். பெரும்பாலானவை மலிவு விற்பனையில் ஐந்து வெள்ளிக்கும் எட்டு வெள்ளிக்கும் வாங்கியவை.

ஈப்போவில் இருக்கும் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போவேன். துவைக்க வேண்டிய துணியெல்லாம் என்னோடு வரும். புத்தகம் மட்டும் ஒன்றுகூட வந்ததில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அது அவருக்குத் தெரிய வந்த விதத்தை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிராகன் எங்கே?

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது தேவாரப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் உயிரியல் பாடம் வந்தது. "இது எப்படித் தெரியும்?" என்று எதையும் கேட்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் கையில் கிடைத்தது, சேகன் 1995-இல் வெளியிட்ட 'தி டீமன் ஹாண்டட் வேர்ல்ட்'. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன்.

அதில் ஒரு டிராகன் வருகிறது. தன் வீட்டுக் கார் கொட்டகையில் நெருப்பு கக்கும் டிராகன் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாது என்கிறார். தரையில் மாவு தூவிக் கால்தடம் பார்க்கலாம் என்றால், அது தரையில் கால் வைக்காமல் மிதக்கும் என்கிறார். எந்தச் சோதனைக்கும் இப்படி ஒரு சாக்கு இருந்தால், டிராகன் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்விக்கு என்னால் இன்று வரை பதில் சொல்ல முடியவில்லை.

பேராக்கிற்குப் புதிதல்ல

"வெள்ளைக்காரன் புத்தகத்தைப் படித்துக் கெட்டுப் போச்சு" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்தான் என்னை நம் வரலாற்றின் பக்கம் திருப்பிவிட்டது.

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலேறிப் பினாங்கு வந்தார். ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் பேசினார். 1925-இல் அவர் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' மலாயாத் தமிழர் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. பகத் சிங் 1930-இல் லாகூர் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கியவர் ப. ஜீவானந்தம். அதற்காக ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. 'இனிவரும் உலகம்' என்ற சிறு நூலில், ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் காலம் வரும் என்று 1940-களிலேயே பெரியார் எழுதிவிட்டார். அதை நான் கைப்பேசியில்தான் முதலில் படித்தேன்.

ஆசிரியராகப் போகிறவர்கள் அறிய வேண்டிய பெயர் ஆபிரகாம் கோவூர். 1898-இல் கேரளத்தின் திருவல்லாவில் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். அங்கே விவிலியப் பாடத்தையும் அவரிடம் கொடுத்தார்கள். தேர்வில் மாணவர்கள் சிறப்பாகத் தேறினார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை. தேர்ச்சி கிடைத்தது, மாணவர்களின் நம்பிக்கைதான் போய்விட்டது என்றாராம் முதல்வர்.

கோவூர் 1963-இல் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்று வேலைக்கு இடமில்லாத சூழலில், மூடிய உறைக்குள் இருக்கும் பணத்தாளின் எண்ணைச் சொல்வது போன்ற அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும் வரை யாரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை அவர் கேலி செய்யவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசி, மனத்துக்குள் இருந்த துயரத்தைத் தேடினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்காகத்தான்.

முகம் தெரியாத பதினொரு பேர்

படித்ததைப் பேச ஆள் வேண்டுமல்லவா? பள்ளிச் சபைக்கூடலில் ருக்குன் நெகாராவைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட அதன் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். நம்பிக்கை இல்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டு, எப்போதும் போல் அமர்ந்திருப்பது எளிதல்ல.

எனக்கு இணையத்தில் பதினொரு நண்பர்கள் கிடைத்தார்கள். கிள்ளானில் ஒரு தாதி, ஜொகூரில் ஒரு தொழில்நுட்பர், மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, யாழ்ப்பாணத்தில் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். பலருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. 2017 ஆகஸ்ட்டில், கோலாலம்பூரில் கூடிய நாத்திகர்கள் சிலரின் படம் முகநூலில் வந்து பெரும் சர்ச்சையானது. அதில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்று விசாரிக்கப் போவதாக அரசு தரப்பில் சொன்னார்கள். அதன்பின் படம் போட யாருக்குத்தான் துணிவு வரும்?

நாங்கள் பேசுவது பெரும்பாலும் நூல்களைப் பற்றித்தான். சில நாள் அதைவிட முக்கியமானதும் வரும். கிள்ளான் தோழியின் அப்பா இறந்தபோது, நம்பிக்கை இல்லாத மகள் சடங்கில் கலந்துகொள்ளலாமா என்று கேட்டார். "அப்பாவுக்குப் பிடித்ததை அப்பாவுக்காகச் செய்யுங்கள்" என்று எழுதினார் கணித ஆசிரியர். அவர் செய்தார்.

நான் விட்டுவிட்ட சான்று

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். இடம் கிடைத்தது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து, கல்லுமலை முருகன் கோயிலுக்குப் புறப்படத் தயாரானார். முதல் நாள் இரவு வீடு நிறைய உறவினர்கள். "இடம் வாங்கிக் கொடுத்தது முருகன் இல்லை. நான் படித்த படிப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் நானில்லாமல் போனார். மூன்று வாரம் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரவில்லை.

இதை வீரச் செயல் போல் நண்பர்களிடம் எழுதினேன். சிலர் கைதட்டினார்கள். கணித ஆசிரியர் மட்டும் கேட்டார்: "தம் படிப்பால் மட்டும் இடம் கிடைத்தது என்கிறீர்கள். டியூஷன் கட்டணத்தை யார் கட்டினார்கள்? அந்தச் சான்றை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவுக் கடை என்று அம்மா இரண்டு வேலை பார்த்துக் கட்டிய பணம் அது. சான்று சான்று என்று பேசிய நான், என் கண்ணெதிரே இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, பெரியார் சொன்னதாக ஒரு வரியைப் புலனத்தில் பலருக்கும் அனுப்பினேன். எந்த நூலில் இருக்கிறது என்று மதுரைத் தோழி கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை. அனுப்பிய எல்லாருக்கும் "தவறு" என்று மீண்டும் எழுதினேன். நமக்குப் பிடித்த கருத்தைத்தான் இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டும் என்பதையும் சேகன் அந்த நூலில் விளக்கியிருக்கிறார். படிவம் நான்கில் படித்தது. புரிய நான்கு ஆண்டுகள் ஆயின.

நண்பர்களே, நீங்கள் நம்புகிறவராக இருக்கலாம், நம்பாதவராகவும் இருக்கலாம். எதைக் கேட்டாலும் "இது எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்களிடமே கேளுங்கள். வகுப்பில் ஒருவர் உங்களைப்போல் நினைக்கவில்லை என்றால், அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

இந்த ஆண்டு தைப்பூசத்தில் அம்மாவுக்குத் துணையாகத் தண்ணீர்ப் புட்டியும் செருப்பும் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் எண்ணம் மாறவில்லை. அம்மாவின் எண்ணமும் மாறவில்லை. திரும்பும் வழியில், "அந்தப் பொஸ்தகத்துல எல்லாம் என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டார். கோவூர் தம் கண்களைத் தானமாகவும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், எலும்புக்கூட்டைத் தாம் கற்பித்த கல்லூரியின் அறிவியல் கூடத்துக்கும் எழுதி வைத்ததைச் சொன்னேன்.

"கண்ணையா கண்ணு குடுத்தாரு?" என்று நின்றார் அம்மா. பிறகு சொன்னார்: "புண்ணியவான்."

நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அழுக்குத் துணிகளோடு ஒரு புத்தகமும் போகும்.