அப்புச்சி செருப்பில் ஓடும் லாரி

அப்புச்சியின் செருப்பு ஜோடியாகக் காணாமல் போன அன்றைக்குத்தான் எங்கள் லாரிக்கு டயர் கிடைத்தது.

அக்கா வீடு நாமக்கல்லில். அம்மாவின் அப்பாவை அங்கே அப்புச்சி என்பார்கள். கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். ஆறாம் வகுப்பு முடித்திருந்த அக்கா மகள், உடைந்துபோன ரிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "மாமா, இதுல ஒரு லாரி செய்யோணும்."

அந்த ஊரில் வளரும் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? தொழிற்சாலையில் இருந்து வெறும் சேஸாக, அதாவது அடிச்சட்டமாக வரும் வண்டிக்கு மரத்திலும் இரும்பிலும் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, முழு லாரியாக ரோட்டுக்கு அனுப்பும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. சேஸையும் சேர்த்து நாங்களே செய்வதென்று முடிவு செய்தோம். கடையில் வாங்கியது நான்கே நான்கு: ரிமோட்டும் அதன் ரிசீவரும் சேர்ந்த ஒரு செட், ஒரு சர்வோ மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இ.எஸ்.சி. என்ற சின்னப் பலகை, கியர்ப் பெட்டியோடு வரும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு. மற்றதெல்லாம் வீட்டிலும் பழைய இரும்புக் கடையிலும் பொறுக்கியவை.

முதலில் அளவு. உண்மையான லாரியில் 14-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். மாதிரி லாரி செய்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவு இது. லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். 14-ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். டயரின் உயரம் ஒரு மீட்டர். நமக்கு 7 சென்டிமீட்டர். டயரின் பருமன் 25 சென்டிமீட்டர்; நமக்கு ஏறக்குறைய 1.8 சென்டிமீட்டர். 1.8 சென்டிமீட்டர் தடிமனில் ரப்பர் எங்கே கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் வாசலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு! அடியில் வரிவரியாகப் பூ வேறு போட்டிருந்தது. பத்தாம் நம்பர் செருப்பு ஒன்றில் மூன்று வட்டம் வெட்டலாம். முன்னால் ஒற்றை டயர் இரண்டு, பின்னால் இரட்டை டயராக நான்கு, ஆக மொத்தம் ஆறு. அதனால்தான் செருப்பு ஜோடியாகப் போயிற்று.

இந்த 14-இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீளம் 14 மடங்கு குறைந்தால் எடையும் 14 மடங்குதான் குறையுமா? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைகின்றனவே! 14-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 2,744. சுமையோடு 16 டன் இருக்கும் லாரியை இதே கணக்கில் சுருக்கினால் ஆறு கிலோ கூட வராது. எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். சின்ன உருவத்தில் எடை மளமளவென்று குறைந்துவிடும், பலம் அவ்வளவு வேகமாகக் குறையாது. நாங்கள் அட்டையில் செய்த லாரி நொறுங்காமல் நிற்பதும் இதனால்தான்.

இனி ரேடியோ. ரிமோட்டில் இருந்து லாரிக்குக் கம்பி இல்லை, ரேடியோ அலைதான். இது புதிதல்ல. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியே இல்லாமல் தொலைவில் இருந்த மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நிகோலா டெஸ்லா, தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். உங்கள் ரிமோட் காருக்கு அந்தப் படகுதான் கொள்ளுத் தாத்தா.

அவள் கொண்டுவந்த பழைய கார் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ரேடியோ அலையின் நீளம் தெரிய வேண்டுமா? 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுங்கள், மீட்டரில் விடை வரும். 27-ஆல் வகுத்தால் 11 மீட்டர்! அதனால்தான் பழைய ரிமோட்டுகளில் இழுத்து நீட்டும் ஆன்டெனா இருந்தது. புது ரிமோட் 2,400 மெகாஹெர்ட்ஸ். அலை நீளம் 12.5 சென்டிமீட்டர்தான். அதில் கால் பங்கு நீளம் இருந்தாலே ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். ரிசீவரில் இருந்து வரும் கறுப்பு ஒயரின் நுனியைப் பாருங்கள். மேலுறை இல்லாமல் மூன்று சென்டிமீட்டர் மட்டும் வெள்ளையாகத் தெரியும். "ஒயரு சும்மா தொங்குதுங்க மாமா, வெட்டிடட்டுமா?" என்று அவள் கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். அந்த மூன்று சென்டிமீட்டர்தான் லாரியின் காது.

இதோடு ரேடியோவை விட்டுவிடலாம். ரிமோட் காரில் எல்லோரும் ரிமோட்டைப் பார்த்துத்தான் வாயைப் பிளக்கிறார்கள். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது லாரியின் அடிவயிற்றை. ரேடியோ "போ" என்று சொல்லும், அவ்வளவுதான். போவது எப்படி என்பது கீழே இருக்கிறது.

முதல் நாள் நாங்கள் செய்த தப்பைக் கேளுங்கள். பழைய காரில் இருந்து கழற்றிய மோட்டாரை நேராகச் சக்கரத்தில் மாட்டிவிட்டோம். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து விசையை அழுத்தினால், சக்கரம் விர்ரென்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. தரையில் வைத்தோம். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அதோடு சரி. அரை நிமிடத்தில் மோட்டாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. சுற்ற முடியாமல் நின்றுபோன மோட்டார் நிறைய மின்சாரத்தைக் குடிக்கும். அந்த மின்சாரம் முழுக்க வெப்பமாகிவிடும்.

சின்ன மோட்டாருக்கு வேகம் நிறைய, திருப்பும் பலம் குறைவு. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் பண்டமாற்றுக் கடைதான் கியர். மஞ்சள் மோட்டார் பெட்டியைத் திறந்து பாருங்கள் (பழையது கிடைத்தால்!). உள்ளே சின்னப் பல்சக்கரம் பெரியதைத் திருப்பும். அதன் அச்சில் உள்ள சின்னது அடுத்த பெரியதைத் திருப்பும். நாங்கள் வாங்கிய பெட்டியில் மோட்டார் 48 சுற்று சுற்றினால் வெளித்தண்டு ஒரே ஒரு சுற்று. வேகம் 48-இல் ஒரு பங்காகிவிட்டது. பலமோ 48 மடங்காக வேண்டும், ஆனால் பற்கள் உரசுவதில் கொஞ்சம் வீணாகிவிடும். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது காலை நிறையச் சுற்றி மெதுவாகப் போகிறீர்களே, அதே கணக்கு.

இன்னொன்று கவனித்தீர்களா? அந்த வெள்ளைத் தண்டு முழு உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் தட்டை. வட்டத் துளைக்குள் வட்டத் தண்டு வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். தட்டையாக இருந்தால் சக்கரம் தப்பிக்க முடியாது.

பின் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டாரையும் மாட்டி, ஒரே மாதிரி ஒயர் கொடுத்து, விசையை அழுத்தினோம். லாரி அங்கேயே நின்று பம்பரம் மாதிரி சுற்றியது! அப்புச்சி திண்ணையில் இருந்தபடி, "லாரி கோவில் பிரதட்சணம் பண்ணுது கண்ணு" என்றார். விஷயம் சாதாரணம். இரண்டு மோட்டாரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுமே 'தன் வலப்பக்கம்' சுற்றினால் ஒரு சக்கரம் முன்னால் போகும், மற்றது பின்னால் போகும். ஒரு மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்ற வைத்ததும் சரியாகிவிட்டது. பற்றவைக்கும் இரும்பின் முனை 350 டிகிரி செல்சியஸ் வரை சுடும். அந்த வேலை மட்டும் பெரியவர்களுடையது. பேட்டரியிலும் கவனம் வேண்டும்: பழைய பவர் பேங்கை உடைத்து லித்தியம் செல்லை எடுக்கவே கூடாது, தீப்பிடிக்கும். நாங்கள் போட்டது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் 1.2 வோல்ட் பென்சில் செல் நான்கு.

அடுத்தது ஸ்டியரிங். இங்கேதான் மூன்று நாள் போயிற்று.

திருப்புகிற வேலை சர்வோவுடையது. தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே ஒரு குட்டி மோட்டார், கியர்கள், ரேடியோப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டும் திருகு போல ஒன்று. ரிசீவர் அதற்கு விநாடிக்கு 50 தடவை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பு ஒன்றரை மில்லி விநாடி நீடித்தால் 'நேராக நில்'. ஒரு மில்லி விநாடி என்றால் ஒரு பக்கம், இரண்டு என்றால் மறுபக்கம். தான் எந்தக் கோணத்தில் இருக்கிறோம் என்பதை அந்தத் திருகு சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன இடம் வந்ததும் மோட்டார் நின்றுவிடும். விரலால் தள்ளிப் பாருங்கள், முறைத்துக்கொண்டு திரும்பி வரும்.

சர்வோவில் இருந்து சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்து முன் சக்கரங்களோடு இணைத்தோம். சக்கரத்துக்கு அச்சு நீளமான ஒரு போல்ட்டு. நடுவில், உரசாமல் சுற்ற, எழுதித் தீர்ந்த ஜெல் பேனாவின் ரீஃபில் குழாய்தான் புஷ். இரண்டு சக்கரமும் ஒரே கோணத்தில் அழகாகத் திரும்பின. ஆனால் வளைவில் போகும்போதெல்லாம் கீச் கீச்சென்று சத்தம், டைல்ஸ் தரையில் ரப்பர்க் கோடு.

ஏன்? நண்பன் ஒருவனோடு தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு தூணைச் சுற்றி நடந்து பாருங்கள். தூணை ஒட்டி நடப்பவர் சின்ன வட்டம், மற்றவர் பெரிய வட்டம். சின்ன வட்டத்துக்கு அதிகமாகத் திரும்ப வேண்டும். லாரியிலும் உள்பக்கச் சக்கரம் கூடுதலாகத் திரும்பினால்தான் இரண்டும் உரசாமல் உருளும். எங்கள் லாரியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர். அது 60 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைய, உள்சக்கரம் ஏறக்குறைய 30 பாகை, வெளிச்சக்கரம் 24 பாகை திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஏதாவது ஒன்று இழுபடத்தானே செய்யும்?

இதைக் குதிரை வண்டிக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி செய்துகொண்டிருந்த லாங்கென்ஸ்பெர்கர் செய்த ஏற்பாடு அது. அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். யோசித்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு: இன்றைக்கும் அதை ஆக்கர்மன் ஸ்டியரிங் என்றே சொல்கிறார்கள். செய்வது எளிது. சக்கரங்களில் இருந்து பின்னோக்கி நீளும் இரண்டு கைகளையும் நேராக வைக்காமல் உள்பக்கம் சாய்த்துவிட வேண்டும். எவ்வளவு சாய்ப்பது? இரண்டு கைகள் மேலும் நூல் வைத்துப் பின்னால் இழுங்கள். இரண்டு நூலும் பின் அச்சின் நடுவில் வந்து சந்திக்க வேண்டும். அலுமினியத் துண்டை அப்படி வளைத்து மாட்டினோம். கீச் சத்தம் போயே போய்விட்டது. நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பஸ்ஸின் முன் சக்கரங்களைக் கவனியுங்கள், இரண்டும் ஒரே மாதிரி திரும்பாது.

கடைசிப் பரீட்சை முட்டை. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லின் லாரி முட்டை ஏற்றாமல் எப்படி? பன்னிரண்டு முட்டையை அட்டைத் தட்டில் வைத்து ஓட்டினோம். அறைக்கும் திண்ணைக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனுக்குக் கல் பட்டை இருக்கிறது. அதில் ஏறி இறங்கியதும், டொக். மூன்று முட்டை விரிசல். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பில் சட்டியை வைத்தாள்.

லாரியில் வில் பட்டை இல்லையே! பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடாவை நீளமாக ஒன்று, அதைவிடக் குட்டையாக ஒன்று, இன்னும் குட்டையாக ஒன்று என்று வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் நூல் சுற்றினோம். தெருவில் நிற்கும் லாரியின் அடியில் குனிந்து பாருங்கள், இதே அடுக்குதான் எஃகில் இருக்கும். வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம்; அதனால் நடுவில் பட்டைகள் அதிகம், ஓரத்தில் குறைவு. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடினால் அடி குறையும். வில் பட்டையும் முட்டைக்கு அதைத்தான் செய்கிறது.

மறுபடி பன்னிரண்டு முட்டை. பத்து விநாடியில் ஐந்து மீட்டர் போயிற்று, அதாவது மணிக்கு 1.8 கிலோமீட்டர். 14-ஆல் பெருக்கினால் 25. பாரம் ஏற்றிய லாரி மலை ஏறுகிற வேகம். கல் பட்டையில் முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கியது. அக்கா மகள் தட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டும் முழுசு.

அப்புச்சிக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டோம். நீங்களும் ஒரு லாரி செய்தால், எதில் டயர் வெட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். செருப்பாக இருந்தால், வெட்டுவதற்கு முன்னால் யாருடையது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.