செல்போனில் கீழாநெல்லி

 மழைக்குப் பின் வரப்புகளில் முளைக்கும் செடி கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றால் அதைப் பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் குடிப்பது நம் கிராமங்களில் இன்றும் உண்டு. ‘எங்க தாத்தா காலத்து முறை’ என்பதோடு நின்ற வைத்தியர்கள் இப்போது, ‘வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே ஆராய்ச்சி வந்திருக்கு, பாருங்க’ என்று செல்போனை நீட்டுகிறார்கள். புதுப் பழக்கம் அதுதான்.

தேடுவது சுலபமில்லை. ‘கீழாநெல்லி’ என்று தமிழில் அடித்தால் யூடியூப் வீடியோக்கள்தான் வரிசைகட்டும். ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்று தாவரவியல் பெயரைக் கொடுத்தால்தான் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட்டில் ஆராய்ச்சிகள் வரும். பழைய கட்டுரைகள் சில ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்ற பெயரில் இருக்கும். அதையும் தேட வேண்டும். கிடைத்தாலும் பலவற்றில் சுருக்கம் மட்டுமே இலவசம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் இருந்தும், அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும்தான். பி.எஸ்.எம்.எஸ். முடித்துக் கிராமத்தில் கிளினிக் நடத்தும் சித்த மருத்துவருக்கு அதில் இடமில்லை.

ஆக, கையில் இருப்பது சுருக்கம். கீழாநெல்லிக்குச் சுருக்கமே பிரமாதமாக இருக்கிறது! சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ இதழில் எழுதியது அது. அந்த வைரஸை உடலில் சுமந்தவர்களுக்குத் தினம் மூன்று வேளை, 200 மில்லிகிராம் வீதம், 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. நம் ஊர்ச் செடிக்கு உலகமே எழுந்து நின்று கைதட்டிய நேரம் அது.

வைத்தியரின் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த பக்கமும் இருக்கிறது. 1990-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே லான்செட்டில், தங்களிடம் கீழாநெல்லி பலிக்கவில்லை என்று எழுதினார்கள். 1994-ல் நியூசிலாந்திலிருந்தும் அதே பதில். 2011-ல் பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு, வெற்று மாத்திரையைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது. இவையும் அதே பப்மெட்டில்தான் இருக்கின்றன. வக்கீல் தன் கட்சிக்கு மட்டும் சாட்சி தேடுவதுபோல் தேடினால் கண்ணில் படாது.

‘எந்த மண்ணில் விளைந்தது, எப்போது பறித்தது என்பதைப் பொறுத்துச் செடியின் வீரியமே மாறும், அவர்கள் செடி வேறு, நம் செடி வேறு’ என்பது வைத்தியர்கள் தரப்பு. அதில் நியாயம் உண்டு. அப்படியானால் 1988-ல் சோதித்த பொடியும் இன்று கிளினிக்கில் அரைக்கும் பொடியும் ஒன்றுதானா என்ற கேள்வியும் நியாயமே.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. கண் மஞ்சளாகாமலேயே வருடக்கணக்கில் உள்ளே இருந்து ஈரலைச் சுருக்கும். சிலருக்குப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். மஞ்சள் இறங்கியதும் ‘ஆராய்ச்சியே சொல்லிடுச்சு’ என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவருக்கு அந்தச் சுருக்கமே ஆபத்து. தாத்தா பேரைச் சொன்னபோதாவது நோயாளி மனதில் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது. இங்கிலீஷ் கட்டுரையைக் காட்டினால் அதுவும் போய்விடுகிறது.

வைத்தியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தின் பெயரைத் தேடும்போது ‘பலிக்கவில்லை’ என்று சொல்லும் ஆய்வையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டையும் நோயாளியிடம் காட்டுங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: செல்போனை நீட்டினால், ‘இது எந்த வருஷத்து ஆராய்ச்சி, அதற்கப்புறம் என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். காமாலை வந்தால் எந்த மருந்து சாப்பிட்டாலும் ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் இலவசம், சிகிச்சையும் இலவசம்.