உள்ளே எத்தனை பேர்?

மல்லாங்கிணறில் பருப்பு குடோன் வைத்திருப்பவரானாலும் சரி, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை நடத்துபவரானாலும் சரி, வாசலுக்கு ஓர் ஆக்சஸ் கன்ட்ரோல் மெஷின் வாங்கலாம் என்று யோசித்ததும் எழும் முதல் கேள்வி, கார்டா, கைரேகையா, முகமா என்பதுதான். விற்க வருபவரும் அதைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார். என் கணக்கில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், விபத்து என்றால் அவர்கள் எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் வெளியே வருவார்கள் என்ற இரண்டுக்கும் பதில் தராத மெஷின், என்ன விலை கொடுத்து வாங்கினாலும் வெறும் வருகைப் பதிவேடுதான்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதலில் வெடித்த சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த சுற்று வட்டார ஊர்க்காரர்கள், அடுத்து வந்த பெரிய வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். வரக்கூடாத நேரத்தில் வந்தவர்களைத் தடுக்க அங்கே வாசல் என்ற ஒன்று வேலை செய்யவில்லை. சரியாக ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. 250 பேருக்கு மேல் உள்ளேயே மாண்டார்கள். நூறு வருடத்துக்கு முன்பே, 1911 மார்ச்சில், நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் 146 பேர் இறந்ததற்கும் பூட்டிய கதவு ஒன்று முக்கியக் காரணம். திருட்டுப் பயத்தில் போட்ட பூட்டு அது. ஒரு வாசல் இரண்டு விதத்தில் தவறும் என்பதற்கு அந்த ஒரே வாரம் போதும்: முதலிப்பட்டியில் ஆட்களை உள்ளே விட்டது, கராச்சியில் வெளியே விடவில்லை.

எண்ணிக்கைக்கு வருவோம். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர், இத்தனை கிலோ வெடிமருந்து என்று உரிமத்திலேயே வரம்பு உண்டு. உரிமம் தரும் அலுவலகத்தை வைத்து நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று பேச்சில் எப்படிப் பிரித்தாலும் இந்த வரம்பு எல்லாவற்றுக்கும் பொது. நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால், ஓர் உராய்வு எடுக்கும் உயிர்களும் இரட்டிப்பாகும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணையில் வெளிவருவது பெரும்பாலும் இதுவே. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோது, ஆலையைப் பகுதி பகுதியாக உள்குத்தகைக்கு விட்டிருந்ததும் தெரியவந்தது. அப்படிப்பட்ட ஆலையில் ஒவ்வொரு குத்தகைக்காரரும் தன் ஆட்களைத் தனித்தனியாகக் கூட்டி வருவார். மொத்தம் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. கூலி பீஸ் ரேட் என்பதால், வேலை முடிக்கும் அவசரத்தில் கூடுதலாக ஒரு கை சேர்வதை வேலை பார்ப்பவர்களும் தடுப்பதில்லை. தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். இங்கே ரேகை மெஷின் என்ன செய்யும்? எட்டுப் பேரும் உண்மையான எட்டுப் பேர்தான் என்று உறுதி செய்யும். நான்குக்கு மேல் ஏன் என்று கேட்காது.

அந்த ரேகையும் எவ்வளவு நம்பகமானது? தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் எவருக்கும் பதில் தெரியும். வயதானவர்கள், வயல் வேலையும் கட்டட வேலையும் செய்பவர்கள் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் பிறகு கருவிழி பதியும் கருவியும் வந்தது. அலுமினியப் பொடியும் மருந்தும் ஒட்டிய விரல்களுக்கும், பருப்பு மூட்டை தூக்கித் தேய்ந்த விரல்களுக்கும் இதே கதைதான். தொற்று பரவிய 2020 மார்ச்சில் மத்திய அரசு அலுவலகங்களே ரேகை வருகைப் பதிவை நிறுத்தி வைத்தன. கார்டும் சளைத்ததல்ல. விலை மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளில் பல தம் எண்ணைப் பூட்டில்லாமல் ஒலிபரப்புபவை. சுலபமாக நகல் எடுக்கலாம். முகம் பார்க்கும் மெஷின் வசதியானது, ஆனால் தொழிலாளியின் முகப் பதிவு அவருடைய சொந்தத் தகவல். 2023-இல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பதிவைச் சேகரிப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துகிறது.

பட்டாசு அறை வாசலில் மின் கருவி வைத்தால் தீப்பொறி அபாயம் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கென்று சான்று பெறாத கருவி அங்கே கூடவே கூடாது. நிலை மின்சாரத்துக்கே பயந்து வாசலில் தாமிரத் தகடு பதித்து, அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்லும் இடம் அது. மின் கருவி எல்லாம் மெயின் கேட்டோடு நிற்கட்டும். செல்போன், தீப்பெட்டியை வாங்கி வைக்கும் வேலையும் அங்கேதான். அறை வாசலுக்கு மின்சாரமே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்குபவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் விட்டுவிட்டு இறங்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. மேலே நிற்பவருக்குப் பலகையைப் பார்த்தாலே உள்ளே யார் யார் என்று தெரிந்துவிடும். அதே மாதிரி பட்டாசு அறை வாசலில் நான்கே கொக்கி உள்ள பலகை ஒன்று போதும். ஐந்தாவது ஆளின் வில்லைக்கு இடம் கிடையாது. போர்மேன் தூரத்தில் இருந்தே பார்க்கலாம், ஆய்வுக்கு வரும் அதிகாரியும் பார்க்கலாம்.

முதலாளியே வரம்பை மீற நினைத்தால் பலகை என்ன செய்யும் என்பதுதான் கனமான ஆட்சேபம். அறையில் இடமில்லை என்று ஆட்களை மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்குவது இந்தப் பகுதி அறிந்த ஒன்று. கதவை மட்டும் எண்ணும் எந்த முறையும் அங்கே தோற்கும். எனவே எண்ணிக்கை தொடங்க வேண்டியது அறையில் அல்ல, மெயின் கேட்டில். அத்தனை அறைகளின் வரம்பையும் கூட்டினால் வரும் எண்ணைத் தாண்டி ஓர் ஆள் உள்ளே வந்தாலும் அது பதிவாக வேண்டும். அந்தப் பதிவின் நகல் முதலாளி கைக்கு எட்டாத இடத்தில், தொழிலகப் பாதுகாப்புத் துறை பார்க்கும்படி இருக்க வேண்டும். அப்போதும் ஏமாற்றலாம்தான், ஆனால் விபத்துக்குப் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

சரக்கு திருட்டுப் போகிறதே, பூட்டாமல் எப்படி என்று குடோன்காரர் கேட்பார். ஆளில்லாத இடத்தைத் தாராளமாகப் பூட்டுங்கள். 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஒரு கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதுமாதிரிக் கிடங்குக்கு இரும்புக் கதவும் பூட்டும் சாவிக் கணக்கும் கட்டாயம் வேண்டும். ஆட்கள் வேலை பார்க்கும் இடம் வேறு. அங்கே வெளியிலிருந்து வருபவருக்குத்தான் தடை. உள்ளிருப்பவர் கதவைத் தள்ளினால் அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கார்டு தேடக் கூடாது, ரேகை கேட்கக் கூடாது. காந்தப் பூட்டு கரண்ட் போனால் தானே விடும் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், ஆனால் நம் ஊர் மின்தடைக்குப் பயந்து அதற்கு பேட்டரியும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். மெயின் கரண்ட் போனாலும் பூட்டு பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உள்பக்கம் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்கும் பச்சை அவசர சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி ஓடும்போதே, விற்பவரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி, அதை அழுத்தச் சொல்லுங்கள்.