லேசான இரத்த அழுத்தம்: மாத்திரை எப்போது?

"லேசான பிரஷர்தான், மாத்திரை ஆரம்பித்தால் விடவே முடியாது." தொட்டியம் வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தலைவலி, மயக்கம் இல்லையென்று நாள் கடத்துகிறோம். ஆனால் உயர் இரத்த அழுத்தம் சத்தமின்றி வளரும். சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து இருமுறை அளக்க வேண்டும். வேறொரு நாளிலும் அளக்க வேண்டும்.

அப்போதும் மேல் அளவு 140-ஐயோ கீழ் அளவு 90-ஐயோ எட்டினால், மருந்து தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். மேல் அளவு 130 முதல் 139 வரை இருந்தால், இதய நோய் உள்ளவர்களுக்கு மருந்து தேவை. சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவர் பரிந்துரைக்கலாம். மற்றவர்கள் உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் குறைத்து, நடைப்பயிற்சி செய்து, மீண்டும் அளந்து பார்க்கலாம்.

மாத்திரை நம்மை அடிமையாக்குவதில்லை. நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும் என்பதால்தான் தொடர்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள்.

இந்த வாரமே அளந்து, எண்ணைக் குறித்து வைப்போம்.