கடையில்லாக் கரைக்குச் சரக்குக் கட்டும் வணிகர்கள்

மளிகைக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டால் என்ன ஆகிவிடும்? வீட்டுப் பிள்ளை ஓடி வந்து வாங்கிக்கொண்டு போகும். பருப்பு குறைந்தால் மறுநாள் ஆள் வரும். நமது தொழிலில் மறதிக்கு ஈடு உண்டு. அந்த ஈடே இல்லாத ஒரு வணிகத்தை அமெரிக்காவின் வடக்கு எல்லையிலுள்ள சிற்றூர் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறார்கள். அவர்களிடம் சரக்கு வாங்கியவர் படகேறிப் போனால், ஒரு வாரத்துக்குக் கடை என்பதே அவர் கண்ணில் படாது. கட்டிக்கொடுத்த மூட்டையில் இருப்பதுதான் அவருக்கு உணவு, கூரை, மருந்து எல்லாம்.

மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்ற காட்டுப் பகுதி இருக்கிறது. பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். உள்ளே சாலை கிடையாது. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கும் அனுமதி கிடையாது. 'கனூ' எனப்படும் நீண்டு ஒடுங்கிய ஓடத்தைத் துடுப்பால் வலித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் இடம்வரை படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இரவானால் கரையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். கோடையில் இப்படித் தங்குவதற்கென்றே நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

ஈலி, கிராண்ட் மரே போன்ற ஊர்களில் இவர்களுக்குச் சரக்குக் கட்டிக் கொடுக்கும் வணிகருக்கு 'அவுட்ஃபிட்டர்' என்று பெயர். படகு, துடுப்பு, மிதவைச் சட்டை, கூடாரம், படுக்கை ஆகியவை வாடகைக்கு, உணவு விலைக்கு. உள்ளே போவதற்கான அரசு அனுமதிச் சீட்டைக் கொடுக்கும் பொறுப்பையும் பல கடைகள் ஏற்றிருக்கின்றன.

பாறையும் மணலும்

பனிப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேய்த்துச் சென்ற கரைகள் இவை. சில இடங்களில் கருங்கல் பாறை சரிந்து நீருக்குள் இறங்கும். சில இடங்களில் பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் கிடக்கும். நினைத்த இடத்தில் தங்க முடியாது. அரசு குறித்துவைத்த ஏறக்குறைய 2,000 இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு அடுப்புத் தட்டியும் ஒரு கழிப்பிடமும் உண்டு. வேறு வசதி எதுவும் இல்லை.

பாறையில் கூடார முளை இறங்காது; கயிற்றைப் பெரிய கல்லில் கட்ட வேண்டும். மணலில் முளை இறங்கும், ஆனால் ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும். அங்கே மணல் நிரப்பிய பையிலோ கட்டையிலோ கயிற்றைக் கட்டிப் புதைப்பார்கள். படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து மரத்தோடு கட்டாமல் தூங்கப் போகக்கூடாது. இரவுக் காற்று படகை இழுத்துக்கொண்டு போனால் திரும்பி வர வழியில்லை. அங்கே 10 அடி கயிறு கூடுதலாக இருப்பதன் அருமை, கடையில் நிற்கும்போது வாடிக்கையாளருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எடையும் எண்ணிக்கையும்

எல்லாவற்றையும் தோளில் சுமக்க வேண்டியிருப்பதால், இந்த வணிகத்தில் முதல் கணக்கு எடைக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அலுமினியப் படகுகள் 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை. இன்று பலரும் கேட்பது கெவ்லர் இழையால் செய்த படகு. ஏறக்குறைய 20 கிலோதான். மூட்டை கட்டும் தோள்பைக்கும் ஒரு வரலாறு உண்டு. பக்கத்து நகரமான டுலூத்தில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த கமீல் புவாரியே என்பவர் 1882இல் காப்புரிமை பெற்ற கித்தான் பையின் வழிவந்த பைகளே இன்றும் 'டுலூத் பேக்' என்ற பெயரில் படகேறுகின்றன.

உணவில், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் உலர்ந்த சரக்கு என்பது பொதுவான கணக்கு. நான்கு பேர் ஏழு நாள் போனால் 20 முதல் 25 கிலோ. அதை மொத்தமாகக் கட்டினால் போதாது. திங்கள் காலைக்கு ஓட்ஸ், மதியத்துக்கு பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும், இரவுக்கு அரிசியும் உலர்ந்த காய்கறியும் என்று வேளைவாரியாகப் பொட்டலம் போட்டுப் பெயர் எழுதி அடுக்கினால்தான், மழையில் நனைந்து கரையேறியவர் இருட்டில் தேடாமல் எடுத்துச் சமைக்க முடியும். அளவு குறைந்தால் பட்டினி, கூடினால் சுமை. இரண்டுக்கும் அவர் நினைத்துக்கொள்வது கடைக்காரரைத்தான்.

கரடிகள் உள்ள காடு என்பதால் உணவு மூட்டையைத் தரையில் விட்டுவைக்கக் கூடாது. தரையிலிருந்து 12 அடி உயரத்தில், மரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். அல்லது கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கு அரசு உத்தரவே இருக்கிறது. ஒரு காலத்தில் அவ்வளவாகக் கேட்பாரில்லாத அந்தப் பெட்டி இன்று வாடகைப் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் சரக்காகிவிட்டது.

தகரமும் கண்ணாடியும் கூடாது

தகர டப்பாவிலோ கண்ணாடி சீசாவிலோ அடைத்த உணவும் பானமும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அங்குள்ள கண்டிப்பான விதி. ஒரு மளிகை வணிகர் அலமாரியைப் பார்த்தால் இதன் பாரம் புரியும். ஜாம், ஊறுகாய், மீன் டப்பா, குளிர்பானம் என்று பாதிச் சரக்கு வெளியே நின்றுவிடும். அங்குள்ள வணிகர்கள் அவற்றைப் பிரித்து வேறு கலங்களுக்கு மாற்றியும், உலர்ந்த உணவைத் தேடிக் கொள்முதல் செய்தும் சமாளித்தார்கள். உண்ட பிறகு மிஞ்சும் குப்பையும் மூட்டையோடு திரும்பி வந்தாக வேண்டும்.

காட்டுக்குள்ளேயே இருந்து பெயர் பெற்றவர் டொரதி மோல்ட்டர் அம்மையார். 1930இல் விருந்தாளியாக நைஃப் ஏரிக்கு வந்தவர். அங்கிருந்த தங்கும் விடுதி 1948இல் அவர் பொறுப்புக்கு வந்தது. விமானம் அந்தக் காட்டின்மேல் தாழப் பறக்கக் கூடாது என்று 1949இல் அரசு ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வந்ததும், விமானத்தில் வந்துகொண்டிருந்த குளிர்பான வரத்து நின்றது. அம்மையார் கைவசமிருந்த காலி சீசாக்களைக் கழுவி, ஏரி நீரில் தாமே 'ரூட் பீர்' தயாரித்து நிரப்பினார். இது நமது நன்னாரி சர்பத்துக்கு உறவு சொல்லக்கூடிய, மதுவில்லாத வேர் மணப் பானம். குளிர்காலத்தில் ஏரியில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்துக் கோடையில் குளிரவைத்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் சீசாவுக்கு மேல் செலவானதுண்டு. பிற்காலத்தில் விற்பனைக்குத் தடை வந்தபோது, வந்தவர்கள் விரும்பிக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார். 1986இல் அவர் மறைந்தபின் அவரது மரக்குடில்கள் ஈலிக்கு எடுத்து வரப்பட்டு நினைவு இல்லமாக நிற்கின்றன.

சட்டமும் வணிகரும்

இந்தக் கட்டுப்பாடுகள் சுமுகமாக வந்துவிடவில்லை. மோட்டாரையும் மரம் வெட்டுவதையும் ஒடுக்கும் சட்டம் பேசப்பட்ட காலத்தில் ஈலி நகரம் கொந்தளித்தது. 1977இல் அங்கு நடந்த பொது விசாரணையின்போது சிகர்ட் ஓல்சன் என்பவரின் கொடும்பாவி தொங்கவிடப்பட்டது. காடு காக்கப்பட வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர் அவர். அதே ஓல்சன் 1929 முதல் அப்பகுதியில் ஓர் அவுட்ஃபிட்டர் நிறுவனத்தின் பங்குதாரராக இருந்து படகுக்காரர்களுக்கு மூட்டை கட்டியவர் என்பது கவனிக்கத்தக்கது. ஏரி கெட்டால் கடையும் கெடும் என்பதைக் கல்லாவில் இருந்தே அறிந்தவர்.

1978 அக்டோபரில் சட்டம் வந்தது. எதிர்த்தவர்களின் அச்சம் பொய்யல்ல. மோட்டார் படகை நம்பியிருந்த விடுதிகள் பல மூடப்பட்டன. குறிப்பிட்ட ஏரிக்கரை விடுதிகளை, உரிமையாளர் கேட்டால் அரசே விலைக்கு வாங்க வேண்டும் என்ற விதி சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது என்றால் இழப்பின் அளவை ஊகிக்கலாம். மறுபுறம், துடுப்புப் படகை நம்பிய கடைகள் வளர்ந்தன. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும், மே முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இருப்பதால் கூட்டம் அளவோடு வருகிறது. அமைதி கெடாத ஏரிதான் அங்கே முதல் சரக்கு.

அந்தச் சரக்குக்கும் ஆபத்து உண்டு. 2021 ஆகஸ்டில் காட்டுத் தீ காரணமாக முழுப் பகுதியும் சில நாட்கள் மூடப்பட்டது. ஆண்டு வருமானத்தைச் சில மாதங்களில் ஈட்ட வேண்டிய கடைகளுக்கு அது பெரிய அடி.

நமது வணிகப் பெருமக்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அந்த வடகோடி வணிகர் கயிறும் அரிசியும் விற்கிறார், நாமும் விற்கிறோம். அவர் ஒவ்வொரு மூட்டையையும், வாங்கியவர் இனிக் கடைக்குத் திரும்ப முடியாது என்ற எண்ணத்தோடு கட்டுகிறார். மாதச் சாமான் பட்டியலை எடுத்துவைக்கும்போது, விட்டுப்போனதை நாமே நினைவூட்டி, அளவு கூடினால் "இவ்வளவு வேண்டாமே" என்று சொல்லும் கடைக்கு, அடுத்த மாதமும் பட்டியல் தவறாமல் வரும்.