கண்டிஷனர் வாங்கும் முன் உறுமலைக் கேளுங்கள்

பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது, டையோடுகள் ஒரே திசைக்குத் திருப்புகின்றன, பெரிய கெப்பாசிட்டர்கள் தேக்கி வைத்து அலையடங்கச் செய்கின்றன. ஏரியில் தேங்கித் தெளிந்த நீரை மதகு வழியாக எடுப்பது போல, அந்தத் தேக்கத்திலிருந்துதான் இசைக்கு மின்சாரம் கிடைக்கிறது. ஆகவே, மின்சாரத்தைச் சுத்தம் செய்து இசையை மெருகேற்றும் என்று விற்கப்படும் பவர் கண்டிஷனரை வாங்குமுன், நம் வீட்டில் எந்தக் கோளாறு அதனால் தீரும் என்று கேட்டாக வேண்டும்.

பலரைக் கடைக்கு விரட்டுவது ஸ்பீக்கரில் கேட்கும் உறுமல். டிவியின் கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் காரணம் எர்த் லூப். ஆம்ப் ஓரிடத்திலும் கேபிளின் உறை வேறோரிடத்திலும் பூமியைத் தொடுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டால் ஆடியோ வயரின் உறை வழியே கரண்ட் ஓடுகிறது. கோளாறு சிக்னல் பாதையில் இருப்பதால், மின்பாதையில் வைக்கும் வடிகட்டி பெரும்பாலும் அதைத் தொடாது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டில் இணைப்பதும், கேபிளில் தனிப்படுத்தும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும் உதவும். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து துண்டிக்காதீர்கள்; கருவியின் பெட்டியில் மின்கசிவு வந்தால் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. உறுமல் ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்பின் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் அது கூடுகிறதென்றால் சதுர அலை இன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவதே வழி.

ஃபேன் ரெகுலேட்டரும் எல்இடி விளக்கும் மின்பாதையில் இரைச்சல் கலப்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ரேடியோவிலும், இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் இடத்திலும் அது கேட்கும், அங்கே வடிகட்டி பயன்படும். ஆனால் கெப்பாசிட்டர்கள் அலையின் உச்சியில் மட்டும் குறுகிய வீச்சாகக் கரண்ட்டை இழுப்பவை. திறன் போதாத வடிகட்டி அந்த வீச்சைத் தடுத்துவிடும். காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்பவர்கள், ஒலி அளவை மாற்றாமல், எது இணைந்திருக்கிறது என்று சொல்லாமல் வேறொருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லி, பத்துக்கு எத்தனை முறை சரியாகச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒலி இம்மியளவு கூடினாலே தெளிவு கூடியதாகத் தோன்றும்.

பணம் போக வேண்டிய இடம் பாதுகாப்பு. தெருவில் நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கு இடையிலான 400 வோல்ட்டை வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். குறைந்த லோடு உள்ள வீட்டில் மின்னழுத்தம் 300-ஐத் தாண்டக்கூடும். சர்ஜ் புரொடெக்டரிலுள்ள வாரிஸ்டர் நொடியின் சிறு பங்கில் வந்து போகும் தாக்குதலுக்கானது. நீடித்த உயர் மின்னழுத்தத்தில் அதுவே கருகிவிடும். எனவே அதனுடன் உயர் மின்னழுத்தத்தில் துண்டித்து, சீரானபின் சற்றுப் பொறுத்து இணைக்கும் கட்-ஆஃபும் வேண்டும். ஆம்பின் பின்புறம் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தனி ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவையில்லை. மிச்சப் பணத்தில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியின் தடையை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் மண் காய்ந்து தடை ஏறியிருக்கும் கோடையில்.