மூன்று மாதக் கணக்கு

திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்த டியூபை மெஷினில் வைத்துச் சுற்றவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பது சீரம். வைக்கோல் நிறத்தில் இருக்கும். போன வருடம் ஒரு டியூபில் அது கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. வயது 20. விடுதியில் தங்கிப் படிக்கும் பையன். ஓயாத அசதி என்று போனவனுக்கு டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார்.

"வெறும் வயித்துலதானே வந்தே தம்பி?"

"ஆமாக்கா. நேத்து எட்டு மணிக்குச் சாப்பிட்டது. அப்புறம் தண்ணிதான்."

அந்த வெளுப்பு கொழுப்பு. 150க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு அவனுக்கு 480. சிலருக்கு இது பரம்பரையாக வரும். அவன் வீட்டில் யாருக்கும் இல்லை. தினமும் ராத்திரி என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன்.

"மெஸ் சாப்பாடு இறங்கலைக்கா. தள்ளுவண்டில சிக்கன் ரைஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ்."

அந்த வண்டியைத் தாண்டித்தான் நானும் வீட்டுக்குப் போகிறேன். சாயங்காலம் ஊற்றிய எண்ணெய் கடை கட்டும்வரை கருத்துக்கொண்டே கொதிக்கும். பொரித்துப் பொரித்துக் கெட்டுப்போன கூறு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. வண்டிக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்து மணிப் பசிக்கு அந்தத் தெருவில் எரிகிற அடுப்பு அது ஒன்றுதான்.

300 மில்லி கூல்டிரிங்க்ஸில் ஏறக்குறைய ஆறு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. அதோடு ஒரு தட்டு வெள்ளைச் சோறும் சேர்ந்து உள்ளே போனால், செலவாகாத சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கொஞ்சத்தை ரத்தத்தில் விடுகிறது, மிச்சத்தைத் தன்னிடமே சேர்த்துக்கொள்கிறது. வலி எதுவும் தெரியாது. எனக்குப் பயமே அதுதான். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. பையனும் அந்த வாசலில்தான் நின்றான். ஹெச்.பி.ஏ.1சி என்ற சர்க்கரை டெஸ்டில் 5.9. இயல்பு 5.7க்குக் கீழே, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய்.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால்தான் இந்த டெஸ்ட் மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறது. பழைய அணு அழிந்து புது அணு பிறப்பதால், அடுத்த மூன்று மாதக் கணக்கை நாமே மாற்றி எழுதலாம். இதைத்தான் அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தான். கூல்டிரிங்க்ஸை அடியோடு விட்டிருந்தான். சாயங்காலம் சுண்டல், ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி, அப்புறம் மைதானத்தில் அரை மணி நேர நடை. சிக்கன் ரைஸ் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மெஷின் நின்றது. ரிசல்ட் பேப்பர் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவனிடமே காட்டினேன். வைக்கோல் நிறம். அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது.